தாழ்த்திய காரும் தாங்கும் வில்லும்

கட்டுக்கரைக் குளத்தின் கட்டிலே நடந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அருவி ஆற்றின் நீர் தேக்கம் அணையிலே மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியே வந்து குளம் நிரம்பிய காலத்திலும், அந்நீர் கட்டின் உச்சியைத் தொடுவதில்லை. நீர்மட்டத்துக்கு மேலே வெறும் மண் உயர்ந்து நிற்கும். அந்த உயரம் பயனற்றதென எண்ணி அதனை வெட்டிக் குறைக்க எந்தக் கமக்காரனும் உடன்படான். மாரியிலே வெள்ளம் புரண்டு வரும் நாளில் குளத்தைக் காப்பது அவ்வெற்றிடமே என்பதை அவன் அறிவான்.

மோட்டார்க் காரிலும் இத்தகைய வெற்றிடம் ஒன்று உண்டு. சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலெழுவதற்கென விடப்பட்ட இடைவெளியே அது. காரைத் தாழ்த்த விரும்புவோர் முதலிற் கைவைப்பது இதன்மேலேதான். ஆதலின், எவ்வளவு தாழ்த்தலாம், எதனைக் கொண்டு தாழ்த்தலாம் என்பவற்றை அறிந்து செய்தல் வேண்டும்.

உயிலங்குளத்தில் வாழ்ந்து, நாள்தோறும் தாம்போதியைக் கடந்து மன்னார் நகருக்குப் பணிக்குச் செல்லும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். அவரிடம் பழைய யப்பானியக் கார் ஒன்று இருக்கின்றது. ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையே தெரியும் அகன்ற வெளி அவர் கண்ணை உறுத்துகின்றது. அவருடைய ஆசை முற்றும் பிழையன்று. கார் சற்றே தாழ்ந்தால் அதன் புவியீர்ப்பு மையமும் தாழும், வளைவுகளிலே உடல் சாய்வது குறையும், பார்வைக்கும் அழகாயிருக்கும். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் ஏ 14 நெடுஞ்சாலையில் மாத்திரம் அக்கார் ஓடுமாயின் கவலை அதிகமில்லை. ஆனால், அது வீட்டு ஒழுங்கையில் இறங்கவேண்டும். வாய்க்கால் மதகுகளைக் கடக்கவேண்டும். முருங்கன் பகுதியின் களிமண் மாரியில் உப்பிக் கோடையில் வெடிப்பதால், அதன் மேற் செல்லும் கிளை வழிகள் அலையலையாகிவிடுவதுண்டு. அவ்வழிகளிலும் அது செல்லவேண்டும். ஆகஸ்ட் 15ஆந் திகதி மடுத் திருவிழாவுக்குக் குடும்பம் முழுவதையும் சுமக்கவேண்டும். முதுகு நோவுற்ற தாயைப் பின்னிருக்கையில் இருத்தி வைத்தியசாலைக்கும் கொண்டு செல்லவேண்டும். சாரதியின் ஆசைக்குரிய விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர் பின்னிருக்கையில் இருப்பவரேயாவர்.

அக்காலத்தில் மடுவுக்கு யாத்திரை சென்ற கூடார வண்டில்கள் பெரும்பாலானவற்றில் வில் இருக்கவில்லை. சக்கரத்தில் விழுந்த அடி அச்சு வழியாக யாத்திரிகரின் முதுகெலும்புக்கே சென்றது. வைக்கோலைப் பரப்பி அதன்மேற் பாயை விரித்து அமர்வதே அன்றைய பரிகாரம். பின்னர் வந்த மோட்டார்க் கார்கள் அடியை வில்லில் வாங்கின. 1948இல் வெளிவந்து, இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் காரின் முன்புறத்தை முறுக்குத் தண்டுகளும் பின்புறத்தை இலைவில்களும் தாங்குகின்றன. இன்றைய சிறு கார்களிலே பெரும்பாலும் சுருள்வில்லே அவ்வேலையைச் செய்கின்றது.

கார் தன் வில்லின்மேல் நிமிடத்துக்கு 60 முதல் 90 தடவை வரை மெல்ல மேலும் கீழும் அசையுமாயின், மனித உடல் அதனைத் தாலாட்டுப்போல் ஏற்றுக்கொள்ளும். நிமிடத்துக்கு 240 முதல் 480 வரையான அதிர்வுகளையே இருந்து செல்வோரின் உடல் மிகவும் வருத்தமாக உணர்கின்றது. வில் விறைக்க விறைக்கச் சிறு கற்களின் அடியும் இருக்கைக்கு எட்டத் தொடங்கும். எனவே விறைப்பான வில் வேண்டாமென்று தோன்றலாம். ஆனால், தாழ்த்திய காருக்கு ஓரளவு விறைப்பு இன்றியமையாதது. இதனை ஒரு கணக்கினாலே விளக்கலாம்.

சாரதி மாத்திரம் இருக்கும்போது பின்சக்கரம் மேலெழ 80 மில்லிமீற்றர் இடம் உள்ளதென்று கொள்க. சக்கரத்தடியில் அளந்தால், வில் ஒரு மில்லிமீற்றர் அமர 2 கிலோகிராம் பாரம் வேண்டுமென்றுங் கொள்க. பின்னிருக்கையில் ஆட்களும் பொதிகளும் ஏறிச் சக்கரமொன்றுக்கு 80 கிலோகிராம் பாரம் கூடினால், கார் 40 மில்லிமீற்றர் தாழும், எஞ்சுவது 40. அதே விறைப்புள்ள குட்டை வில்லை இட்டு 60 மில்லிமீற்றர் தாழ்த்தினாலோ, ஆட்கள் ஏறுமுன்னரே எஞ்சுவது 20தான். அவர்கள் ஏறியவுடன் கார் தடுப்பு இறப்பரின்மேல் அமர்ந்துவிடும். அதன்பின் அக்காருக்கு வில் இருந்தும் இல்லாததே. பின்னிருக்கையிலுள்ள தாய் பழைய வண்டிலிலே செல்கின்றார் என்றே சொல்லவேண்டும். மாறாக, 25 மில்லிமீற்றர் மாத்திரம் தாழ்த்தி, விறைப்பை 2.5 கிலோகிராமுக்கு உயர்த்தினால், அதே பாரத்துக்குக் கார் 32 மில்லிமீற்றரே தாழும், 23 எஞ்சும். இது முன்னிருந்த 40இலும் குறைவுதான். மேட்டருகே வேகத்தைத் தணிக்கத்தான் வேண்டும். ஆயினும் வில் தன் வேலையைச் செய்யும். நாளாந்தப் பாவனைக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரையான தாழ்வு போதுமென்பதற்குக் காரணம் இதுவே.

வில்லுக்குத் துணையாக நிற்பது அதிர்வுதணிப்பி. கராஜ்களில் இதனைச் சொக் அப்சோபர் என்பர். வில் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும் இயல்புடையது. எண்ணெய் நிரம்பிய குழலினுள்ளே முசலமொன்று சிறு துவாரங்களினூடே எண்ணெயைத் தள்ளி நகர்வதால், அவ்வசைவு வெப்பமாக மாறி அடங்குகின்றது. புதிய விறைத்த வில்லோடு தேய்ந்த பழைய தணிப்பியைச் சேர்த்தால், வில்லை அடக்க ஆளில்லாமற் கார் துள்ளும். வில்லும் தணிப்பியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு ஒரே தயாரிப்பாளர் அமைத்த தொகுதியை வாங்குவதே நாளாந்தக் காருக்கு நல்ல தெரிவு. உயரத்தை மாற்றக்கூடிய கொயிலோவர்களில் இருவகையுண்டு. ஒன்றில் வில்லின் இருக்கை மாத்திரம் கீழிறங்கும். தாழ்த்தும் அளவுக்குத் தணிப்பியின் மேலோட்டமும் குறையும். மற்றையதில் அடித்தாங்கியே நகர்வதால் தணிப்பியின் ஓட்டம் குறையாது; எனினும் ரயர் மட்காட்டில் முட்டாமலிருக்கின்றதா என்பதைத் தனியே பார்க்கவேண்டும்.

செலவைச் சுருக்க எண்ணி, உள்ள வில்லையே வெட்டுவோரும் உளர். எட்டுச் சுற்றுள்ள வில்லில் இரண்டை வெட்டினால் அதன் விறைப்பு மூன்றிலொரு பங்கு கூடும். வெட்டிய முனை தன் இருக்கையிற் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் இடம் பெயரவுங் கூடும். தீயிட்டுச் சுருக்கிய வில்லோ தன் பதத்தையே இழந்துவிடும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரில் இவ்விரண்டும் ஆகா.

பொருத்திய பின்னரும் செய்யவேண்டியவை உள. இணைப்புகளிலுள்ள இறப்பர்ப் புஷ்களின் ஆணிகளைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அவை எப்பொழுதும் முறுகி நின்று விரைவிற் கிழியும். சக்கரங்களின் கோணங்களைச் சீர்செய்யாவிடின் ரயரின் உட்புறம் தேயும். முன்விளக்கின் ஒளி எங்கே விழுகின்றதென்பதையும் பார்க்கவேண்டும். மாற்றத்துக்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் விதிகளைக் கேட்டறிவதும் பொறுப்புள்ள சாரதியின் கடன்.

1955இல் பாரிஸ் நகரில் அறிமுகமான சித்ரோயன் டீ.எஸ். கார், எண்ணெயையும் வாயுவையும் கொண்டு, பாரம் ஏறினாலும் தன் உயரத்தைத் தானே காத்தது. கரடுமுரடான வழியில் சாரதி அதனை உயர்த்தவும் முடிந்தது. தாழ்ந்த கார் சுகமாகவும் ஓடலாம் என்பதற்கு அது சான்று. ஆனால், அத்தகைய பொறியில்லாத காரில் உயரத்தைக் காக்கவேண்டியவர் உடைமையாளரே.

தாம் காத்தது போதுமா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. தணிப்பியின் தண்டு வெளியே தெரியும் காராயின், அத்தண்டில் மெல்லிய இறப்பர் வளையமொன்றை மாட்டி, குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டு வழமையான பாதையில் ஒருமுறை சென்று வரலாம். தண்டு எவ்வளவு உள்ளே சென்றதோ அவ்வளவுக்கு வளையம் தள்ளப்பட்டிருக்கும். அது முடிவெல்லைவரை சென்றிருந்தால், கார் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்துவிட்டது, சற்று உயர்த்தவேண்டும். அவ்வெல்லைக்கு முன் விரலளவு இடமாவது எஞ்சியிருந்தால், கட்டுக்கரைக் கட்டின் வெறும் மண்ணைப்போல அவ்விடம் தன் கடமையைச் செய்கின்றது. பின்னிருக்கையில் இருப்பவரும் நோவின்றி வீடு சேர்வார்.