பிள்ளைப்பருவத் துன்பமும் உள வளர்ச்சியும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் முதுமொழியைக் குழந்தைகளை அடித்து வளர்ப்பதற்கு ஆதரவாகக் காட்டுவோர் பலர். எளிதில் வளையும் இளங்கிளை எளிதில் முறியவுங் கூடும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

நம் பிள்ளைத்தமிழ் நூல்கள் செங்கீரை, சப்பாணி, வருகை என மகவின் வளர்ச்சியைப் பருவங்களாக வகுத்துள்ளன. தலையெடுத்து ஆடுதலும், கை கொட்டுதலும், தளர்நடையிட்டு வருதலும் தாமே நிகழ்வன போலத் தோன்றினும், அவை செவ்வனே நிகழ அன்புடன் நோக்கும் முகமொன்று எதிரே வேண்டும். குழவி மழலை பேச, தாய் மறுமொழி கூறுகின்றாள். அம்மறுமொழியே பேச்சிற்கு வித்தாகின்றது. அடியும், வசையும், தகாத தீண்டலும், பேணாது கைவிடுதலும் இவ்வுறவைக் குலைக்கின்றன. ஓயாத அச்சத்தில் வாழும் குழந்தையின் உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கி விழித்திருக்கின்றது. கார்ட்டிஸால் என்னும் சுரப்புநீரின் ஒழுங்கு மாறுபடுகின்றது. கற்றற்கும் விளையாடற்கும் உரிய ஆற்றல் தற்காப்பிலேயே செலவாகின்றது.

பேணாமையின் விளைவிற்கு ருமேனியா நாட்டு வரலாறு தக்க சான்றாகும். 1966-ம் ஆண்டில் சௌஷெஸ்குவின் அரசாங்கம் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வகையற்ற பெற்றோர் பலர் தம் மக்களை அரசாங்க விடுதிகளில் விட்டனர். 1989-ல் அவ்வாட்சி வீழ்ந்தபொழுது, அவ்விடுதிகளில் இலட்சத்திற்கு மேற்பட்ட சிறார் இருந்தனர். எடுத்து அணைப்பாரும் உடனிருந்து பேசுவாரும் அவர்க்கு அரியர்.

பின்னர் ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்களுக்குத் தத்தாகச் சென்ற 165 சிறாரை மைக்கேல் ரட்டர் முதலிய அறிஞர், அவர்கள் இளைஞராகுமளவும் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாதத்திற்குள் விடுதியினின்று மீட்கப்பெற்றோர் பிற பிள்ளைகளைப் போன்றே பெரிதும் வளர்ந்தனர். அதற்குமேல் அங்கிருந்தோருள் பலர்க்குக் கவனம் ஒருமுகப்படாமையும், அயலாரோடு வரம்பின்றி ஒட்டுதலும் நீங்காது நின்றன. அறிவு வளர்ச்சியிற் காணப்பட்ட குறை காலப்போக்கில் பெரும்பாலும் நிரம்பியது. ஆனால், 15 வயதளவும் அவ்வளவாக வெளிப்படாதிருந்த மனச்சோர்வும் கவலையும் இளைஞரான பின்னரே மிக்குத் தோன்றின.

இம்முடிவு மாணவராகிய நாம் ஆழ்ந்து நோக்கற்பாலது. பழைய புண், பள்ளி நாட்களில் மறைந்திருந்து, வீட்டைப் பிரிந்து கல்லூரி புகும் பருவத்தில் வெளிப்படுதலும் உண்டு. ஆதலின் அன்று நன்றாயிருந்தவன் இன்று சோர்ந்தால், அது சோம்பலென்றோ நடிப்பென்றோ இகழற்க.

துன்புற்ற பிள்ளைகள் யாவரும் கெடுவர் என்பது இதன் கருத்தன்று. ஆறு மாதத்திற்கு மேல் விடுதியில் வாடியவருள்ளும் ஏறக்குறைய ஐவருள் ஒருவர் எவ்விதக் குறையுமின்றி வளர்ந்தனர். காலந்தாழாது மீட்பதும், நிலையான அன்பும், தக்க மருத்துவமும் பயனளிக்க வல்லன.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவர்; பலர் பெற்றோராவர். முரட்டு மாணவனைத் தண்டிக்குமுன், வாய் திறவாச் சிறுமியை மந்தமென்று ஒதுக்குமுன், "இப்பிள்ளைக்கு யாது நேர்ந்தது?" என ஒருகணம் வினவுவோமாக. தன் துயரைக் கூறத் துணிந்த குழந்தையை நம்புதலே அதற்கு நாம் செய்யும் முதலுதவியாகும்.