சூடும் காந்தமும் சுழலும் சக்கரமும்

இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. அதே இரும்பு 770 பாகை செல்சியசுக்கு மேற் காய்ந்தால் அவ்வீர்ப்பு அகன்றுவிடும், ஆறினால் மீளும். நிக்கலுக்கு இவ்வெல்லை ஏறத்தாழ 358 பாகை. காடோலினியம் என்னும் உலோகத்துக்கோ ஏறத்தாழ 20 பாகையே. கண்டியின் தைமாதக் குளிர்விடியலிற் காந்தத்தைப் பற்றும் அவ்வுலோகம், நண்பகலிற் பிடி தளர்ந்துவிடும். பியர் கியூரி 1895 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டமையால், இவ்வெல்லை கியூரி நிலை எனப்படும்.

இஃது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. ரைஸ் குக்கர் என நம் இல்லங்களில் வழங்கும் மின்சார அடுகலங்கள் பலவற்றின் அடியில், காந்தமொன்று பெரைட்டுத் துண்டொன்றைப் பற்றியிருக்கும். நீர் உள்ளவரை கலத்தின் அடி 100 பாகையளவில் நிற்கும். நீர் வற்றியதும் சூடு சற்று ஏற, பெரைட்டு ஈர்ப்பை இழக்க, வில்கம்பி காந்தத்தைக் கீழே தள்ளும், ஆளி விழும், சோறு கருகாது.

ஒருமுறை நிகழும் இவ்வசைவு இடையறாது நிகழ்ந்தால் சக்கரமே சுழலுமன்றோ? எடிசன் 1888 இலும் தெசுலா 1889 இலும் இத்தகைய வெப்பக் காந்தப் பொறிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். நிக்கல் விளிம்புடைய சக்கரத்தின் ஓரத்தே காந்தமொன்றை நிறுத்தி, அதன் ஒரு பக்கத்து விளிம்பை மட்டும் சுடரிற் காட்டுவோம். சுட்ட பகுதி ஈர்ப்பை இழக்கும். மறுபக்கத்துக் குளிர்ந்த பகுதி காந்தத்தை நாடி வரும். வந்து கடக்கையில் அதுவும் சுடப்படும். முன் சென்ற பகுதி சுற்றி வருமுன் ஆறிவிடும். இவ்வாறு சக்கரம் சுழலும்.

கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925 இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடத்தில் இன்று தேயிலை நூதனசாலை உள்ளது. ஆங்குள்ள பழைய நீராவிப் பொறிகளைக் காண்போர் நெருப்பு சக்கரத்தைச் சுழற்றிய நெடுவழியை உணர்வர். கொதிகலம், நீராவி, உந்துதண்டு என்னும் அத்தனையும் காந்தச் சக்கரத்துக்கு வேண்டா. ஆயினும் அது பரவவில்லை. உலோகம் காயவும் ஆறவும் காலம் பிடிப்பதால் வேகமும் வலுவும் குன்றின.

அக்குறையை நோக்கி அதனைத் தள்ளிவிடல் தகாது. தேயிலை உலர்த்தும் பொறியிலிருந்து 50 பாகையளவிற் காற்று வெளியேறுகிறது. விறகு வெட்டிச் சுமந்தோர் உழைப்பில் ஒரு பங்கு அவ்வழியே போகிறது. அச்சிறு சூடு நீராவி எழுப்பாது. எனினும் அவ்வளவிலேயே ஈர்ப்பை இழக்கும் கலப்புலோகங்கள் இன்று உள. அவற்றைக் கொண்டு ஆய்வாளர் பொறிகள் செய்து பார்க்கின்றனர்.

இலக்கணம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்பார் உளர். மலையகத்துப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்கின்றனர். தொழிற்சாலைச் சூட்டையும் அவர்கள் நேரே அறிவர். சூடு காந்தத்தைக் கெடுக்கும் என்று மனனம் செய்விப்பது அரைப்பாடம். ஆறினால் அது மீளும், அம்மீட்சியாலேயே சக்கரம் சுழலும் என்பதையும் சொன்னால்தான் பாடம் நிறைவுறும்.