கைப்பேசிக்குள் ஒரு தம்பூரா

சீர்காழிக்கு அருகில் உள்ள திருக்கோலக்காவில், குழந்தை ஞானசம்பந்தர் கைகளால் தாளமிட்டுப் பாடினார். பாடப் பாடப் பிஞ்சுக் கைகள் சிவந்தன. அது பொறாத இறைவன் பொற்றாளம் அளித்தருளினார். பொன்னைத் தட்டினால் ஒலி எழாதே! அந்தத் தாளத்துக்கு ஓசையைத் தந்தவள் அம்பிகை. அதனால் அவளுக்கு அங்கே ஓசை கொடுத்த நாயகி என்று திருநாமம். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளை இன்றும் பெற்றோர் அந்தச் சந்நிதிக்கு அழைத்துச் சென்று வேண்டிக்கொள்கிறார்கள்.

கருவியை ஒருவர் தர, ஓசையை இன்னொருவர் தந்த அந்தத் தல வரலாறு சில மாதங்களாக என் நினைவில் அடிக்கடி வந்துபோகிறது. காரணம், கைப்பேசி.

சென்ற மார்கழியில் எங்கள் பகுதிப் பிள்ளையார் கோயிலில் திருவெம்பாவை பாடிக்கொண்டிருந்தோம். பல ஆண்டுகள் உழைத்த மின்னணுச் சுருதிப் பெட்டி ஒரு விடியற்காலையில் திடீரென்று மௌனமாகிவிட்டது. குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் சட்டென்று தம் கைப்பேசியில் தம்பூரா செயலி ஒன்றை இறக்கி, மைக்கின் அருகில் வைத்தார். ஒலி இனிமையாகத்தான் இருந்தது. நான்காம் பாட்டின் நடுவில் தம்பூரா நின்றது. உடனடிக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுவதையும் கேட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக் களைத்தவன் நான். சந்நிதியிலும் அது என்னை விடவில்லை.

பாராயணம் முடிந்து பொங்கல் வாங்கும்போது, “சார், நாலையும் நுணுகிப் பார்ப்பவர் நீங்கள்தான். எந்தச் செயலி உருப்படி என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம், பதினான்கு செயலிகள், ஒரு நோட்டுப் புத்தகம். அதில் எழுதியவற்றுள் நம் வாசகர்களுக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே தருகிறேன்.

தம்பூராவின் நான்கு தந்திகள் பஞ்சமம், இரண்டு சட்ஜங்கள், கீழ்ச் சட்ஜம் என்ற வரிசையில் மீட்டப்படும். குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் நூலுக்கு ஜீவாளி என்று பெயர். அந்த நூல் சரியான இடத்தில் நின்றால்தான் தந்தியின் ஒலி விரிந்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல ஸ்வரங்கள் கேட்கும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கீழ்ச் சட்ஜத் தந்தியிலிருந்து தானே எழும். இதைத்தான் என் முதல் சோதனையாக வைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். காந்தாரம் காதில் விழுந்தால், அந்தச் செயலியை உருவாக்கியவர் உண்மையான தம்பூராவைப் பதிவு செய்து பயன்படுத்தியிருக்கிறார் என்று கொள்ளலாம். விழாவிட்டால் அது வெறும் ரீங்காரம். பதினான்கில் ஐந்து மட்டுமே இந்தத் தேர்வில் தேறின.

இன்னொரு குறையும் கேட்டது. சில விநாடிப் பதிவையே மீண்டும் மீண்டும் ஓட்டும் செயலிகளில், முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சிறு தடங்கல் வரும். முதலில் தெரியாது. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

பெட்டிக்குள் தம்பூராவை அடக்கும் முயற்சி புதிதன்று. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியிலேயே மின்னணுத் தம்பூராவை உருவாக்கிவிட்டார். அந்தப் பெட்டிகளில் திருகினால் கட்டை மாறும். சற்றே திருகினால் நுண்ணிய மாற்றமும் கிடைக்கும். செயலியிலும் இந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று முழு எண்ணாக மட்டும் மாறினால் போதாது. காலையில் ஐந்தரைக்குக் கீழே நிற்கும் குரல் மாலையில் ஏறி நிற்கும். நாகஸ்வரத்தோடோ கோயில் ஹார்மோனியத்தோடோ சேர்த்துப் பாட வேண்டிய நாளில் இந்த நுண்திருத்தம் இல்லாத செயலி உதவாது. பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு மாற்றும் வசதியும் அவசியம். ஹிந்தோளமும் ஸ்ரீரஞ்சனியும் பஞ்சமம் இல்லாத ராகங்கள். அவற்றுக்குப் பின்னால் பஞ்சமத்தை ஒலிக்கவிடுவது உப்பில்லாப் பண்டத்தில் சர்க்கரை போடுவதைப் போன்றது.

செயலி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் கைப்பேசியின் ஒலிபெருக்கி மிகச் சிறியது. ஆண்கள் ஒரு கட்டையில் பாடும்போது சட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள். கீழ்ச் சட்ஜம் 65. அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சிறு துளையால் வெளியிட முடியாது. பாடுகிறவர் அடித்தளம் இல்லாமல் மிதப்பார்; மெல்ல மெல்லச் சுருதி விலகும். கம்பி வழியாக இணைக்கும் ஓரளவு பெரிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் வேறுபாட்டை உடனே உணரலாம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட்டால் அழைப்பும் வராது, கடன்காரியும் வரமாட்டாள்.

இணையவழியில் பாட்டுக் கற்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். இங்கே தம்பூரா ஒலித்தாலும் மறுமுனையில் ஆசிரியருக்குக் கேட்பதில்லை என்பது பலருடைய குறை. இடைவிடாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி, அழைப்புச் செயலியே அதை வடிகட்டிவிடுகிறது. மின்விசிறிக்கும் தம்பூராவுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஜூம் செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்த வடிகட்டல் நிற்கும்.

மதிப்பெண் போடும் செயலிகள்

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டில் நடந்தது. என் பேத்திக்குப் பதினோரு வயது. வர்ணம் பாடுகிற நிலைக்கு வந்திருக்கிறாள். பாடினால் திரையில் கோடு வரைந்து, ஸ்வரம் சரியாக நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு என்று காட்டி, முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் செயலி ஒன்றை நானே அவளுக்கு இறக்கித் தந்தேன். முதல் வாரம் 58. மூன்றாம் வாரம் 91. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி, எனக்குப் பெருமை.

நான்காம் வாரம் பாட்டு ஆசிரியை என்னை நிறுத்திக் கேட்டார்: “குழந்தை ஸ்வரமெல்லாம் சுத்தமாகப் பாடுகிறாள். ஆனால் தோடி எங்கே போயிற்று?”

வீட்டுக்கு வந்து நிதானமாகக் கவனித்தபோதுதான் விளங்கிற்று. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்தாடும். அந்த அசைவுதான் தோடி. அதை அசைத்துப் பாடியபோதெல்லாம் செயலி சிவப்புக் காட்டியிருக்கிறது. பச்சை வேண்டுமென்பதற்காகக் குழந்தை காந்தாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். மதிப்பெண் ஏற ஏற ராகம் இறங்கியிருக்கிறது. கணக்குப் புத்தகம் ஒத்துப்போய் கஜானாவில் பணம் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். இது அப்படிப்பட்ட சங்கதி.

செயலி வேண்டுமென்று தவறு செய்யவில்லை. பியானோவின் பன்னிரண்டு கட்டைகளைச் சம தூரத்தில் வைத்துக்கொண்டு, அவற்றையே அளவுகோலாக்கி அது நம் குரலை அளக்கிறது. ஒரு ஸ்தாயியை 1,200 பங்குகளாகப் பிரித்தால், தம்பூராவில் தானே எழும் அந்தர காந்தாரம் 386ஆம் பங்கில் இருக்கிறது. பியானோ அளவில் அது 400. பஞ்சமம் 702, பியானோவில் 700. பஞ்சம வேறுபாடு நூலிழைதான். காந்தார வேறுபாடு பயிற்சியுள்ள காதுக்கு நன்றாகத் தெரியும். தம்பூராவோடு இயைந்து பாடுகிற குழந்தை, இத்தகைய செயலியிடம் தவறாகப் பாடுகிறவள் என்று பெயர் வாங்குவாள்.

எல்லாச் செயலிகளும் இப்படி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ‘ரியாஸ்’ போன்றவை, ஆசிரியர் பாடிய வடிவத்தையே கோடாக வரைந்து அதன்மேல் மாணவர் குரலைப் பொருத்திக் காட்டுகின்றன. பார்சிலோனா பல்கலைக்கழகம் ஒன்றில் நம் இசையை ஆராய்ந்தவர்களின் உழைப்பிலிருந்து கிளைத்தது அது. ஸ்வரத்தின் அசைவையும் ஸ்வரமாகக் கருதுகிற அணுகுமுறை என்பதால் தொடக்கநிலைப் பயிற்சிக்கு ஏற்றது. ஆனாலும் ஆசிரியர் முன்னால் அமர்ந்து பாடுவதற்கு மாற்றாக எதையும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

திருத்தருமபுரத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். சம்பந்தரின் பாட்டு யாழில் வாசிக்கப்படுவதால்தான் சிறக்கிறது என்று உறவினர் பேச, அது பொறாத யாழ்ப்பாணர், கருவியில் அடங்காத பதிகம் ஒன்றை அருளும்படி வேண்டினார். பிள்ளையார் பாடினார், யாழ் தோற்றது. அதை உடைக்கவே ஓங்கிவிட்டார் பாணர். சம்பந்தர் தடுத்து, யாழை வாங்கிக்கொண்டு ஆறுதல் சொன்னார். அத்தலத்து இறைவனுக்கு இன்றும் யாழ்மூரிநாதர் என்று பெயர். நானும் கைப்பேசியை உடைக்கவில்லை. அந்தச் செயலியை மட்டும் நீக்கினேன்.

விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விழுந்துகொண்டே வரும் கறுப்புக் கட்டங்களைத் தொட்டால் பியானோ ஒலிக்கும் விளையாட்டைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது விரலுக்கும் கண்ணுக்கும் பயிற்சி, இசைக்கு அன்று. கேட்காமலேயே ஆடி வெற்றிபெறலாம் என்பதே அதற்குச் சான்று. ஒலியை அணைத்துவிட்டு ஆடச் சொன்னேன். பேத்தி அதே எண்ணிக்கையை எட்டினாள்.

தாளச் செயலிகள் அவற்றைவிட மேல். ஆதி, ரூபகம், கண்ட சாபு, மிச்ர சாபு என எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. திருப்புகழ் பாடுவோர் மட்டும் சற்று நின்று பார்த்து வாங்க வேண்டும். அருணகிரிநாதரின் சந்தங்கள் பல ஒன்றரை, இரண்டரை என்று துண்டுகள் கூடி அமைபவை. அங்கங்களை நாமே அமைத்துக்கொள்ள இடம் தரும் செயலிதான் அவற்றுக்கு ஈடுகொடுக்கும். புளூடூத் ஒலிபெருக்கியில் தாளத்தைக் கேட்டுப் பயிலவேண்டாம். திரையில் அடி விழுவதற்கும் காதில் ஒலிப்பதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் இருக்கும். குழந்தையின் கை குழம்பும்.

திருமுறைகளைக் கேட்பதற்கான செயலிகளை நான் மூன்று கேள்விகளால் எடைபோட்டேன். பாடிய ஓதுவாரின் பெயர் இருக்கிறதா? தலம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா? பண் சொல்லப்பட்டிருக்கிறதா? பண்ணைக் குறிப்பிடாமல் தேவாரத்தை வெளியிடுவது, பெயர் எழுதாத காசோலை போன்றது. நட்டபாடைக்கு நாட்டை, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி என்று ஒரு சிறு குறிப்பு இருந்தால் வீட்டில் பாட்டுக் கற்கும் பிள்ளைகள் தாமே பிடித்துக்கொள்வார்கள். தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் குரல் இன்று கைக்குள் கிடைப்பது பெரும்பேறு. அதே தேவாரத்தைத் திரைப்பட மெட்டில், எதிரொலியும் மேளமும் சேர்த்து, யார் பாடியது என்றும் சொல்லாமல் வெளியிடும் செயலிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. மின்னும் படங்கள் அவற்றில்தான் அதிகம்.

பணம் எங்கே போகிறது?

இந்தப் பகுதியை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ‘மூன்று நாள் இலவசம்’ என்ற செயலி ஒன்றைச் சோதனைக்காக இறக்கினேன். பிடிக்கவில்லை, மறுநாளே நீக்கிவிட்டேன். நான்காம் நாள் கணக்கிலிருந்து 1,499 ரூபாய் போயிற்று. பிறர் கையெழுத்தைச் சரிபார்த்தே காலம் கழித்தவன், தன் ஒப்புதலைப் படிக்காமல் அழுத்தியிருக்கிறேன். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது சந்தாவை ரத்து செய்வதாகாது. பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று தனியே ரத்து செய்ய வேண்டும். யுபிஐ வழியாக ஒப்புதல் தந்திருந்தால் யுபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியிலும் அதைச் செய்யலாம்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படித் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வரவேண்டும். எனக்கும் வந்திருந்தது, முப்பது விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் கிடந்தது. முதல் ஒப்புதலுக்குப் பிறகு, 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படாது என்பதையும் மூத்தவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஒரே முறை பணம் செலுத்தி விளம்பரமில்லாமல் பெறக்கூடிய செயலிகள் உள்ளன. என் பட்டியலில் அவற்றுக்கே முதலிடம். தம்பூரா செயலிக்கு உங்கள் குரலைக் கேட்கும் அனுமதியும், தொடர்பு எண்களைப் பார்க்கும் அனுமதியும் தேவையே இல்லை. குரலை அளக்கும் செயலி மைக்கைக் கேட்பது நியாயம். மற்றது கேட்டால் ஏன் என்று நாம் கேட்க வேண்டும்.

கோயிலுக்கு இப்போது சிம் அட்டை இல்லாத பழைய கைப்பேசி ஒன்றை ஒதுக்கியிருக்கிறோம். அதில் ஒரே ஒரு செயலி. பெட்டி போன்ற ஒலிபெருக்கி ஒன்று. சுருதிப் பெட்டியும் பழுது நீங்கி வந்துவிட்டது. மின்சாரம் இருக்கும் நாளில் அது, இல்லாத நாளில் இது.

வீட்டில் பேத்தி தோடியை மீண்டும் ஆட்டிப் பாடத் தொடங்கியிருக்கிறாள். போன வாரம் தம்பூரா செயலியை ஓடவிட்டு உட்கார்ந்தவள், “தாத்தா, பஞ்சமம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது” என்று சொல்லித் தானே திரையைத் தள்ளிச் சரிசெய்தாள். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. வகுப்புக்கு அழைத்துச் சென்றபோது, பழைய அளவை ஆசிரியையிடம் ஒலிக்கவிட்டுக் கேட்டேன். அவர் கண்ணை மூடிச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “ஆமாம், நூலிழை குறைவுதான். யார் கண்டுபிடித்தது?” என்றார்.