ஒரு மெட்டு, மூன்று ஏக்கம்

வீடு, பிள்ளைப் பிராயம், ஊர் ஏக்கம் இதை வைத்துப் பல மொழிப் பாடல்களில் ஒரு கச்சேரி அமைக்கச் சொன்னால், நான் ஒரே மெட்டை மூணு தடவை பாடச் சொல்வேன். முதலில் ஆங்கிலம், அப்புறம் ஜப்பானியம், கடைசியில் சீனம்.

மெட்டு 19ஆம் நூற்றாண்டு பாஸ்டன்காரர் ஜான் ஆர்ட்வே போட்டது. பாட்டு 'டிரீமிங் ஆஃப் ஹோம் அண்ட் மதர்'. தூரத்தில் இருக்கிறவன் வீட்டையும் அம்மாவையும் கனவு காண்கிறான், அவ்வளவுதான். 1907ல் இண்டோ கியூகெய் என்ற ஜப்பானியப் பள்ளி ஆசிரியர் இதே மெட்டுக்கு 'ரியோஷூ' எழுதினார். வழிப்போக்கனின் துயரம் என்று சொல்லலாம். தெற்கே க்யூஷூ தீவில் பிறந்து வடக்கே நீகாட்டாவில் வேலை பார்த்தவர். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு, சுமார் 1915ல் 'சோங்பியே' எழுதினார் லீ ஷூதோங். 1905ல் ஜப்பான் போய் ஓவியம் படித்தவர். 1918ல் பௌத்தத் துறவி ஆகிவிட்டார். சோங்பியே என்றால் வழியனுப்புதல். எங்க தொழில்ல இதை ஃபோர்க்கோட ஃபோர்க்குன்னு சொல்வோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நடுப்பகுதி. ஸ்வரங்கள் நம்ம சங்கராபரணத்தோடதுதான். முதல் பகுதி மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடும். நடுவில் மட்டும் த-நி-ஸ என்று மேலேயே சுற்றி நிற்கும். அந்த இடத்தில் ஆர்ட்வே சின்ன வயசு வீட்டை வைத்தார். இண்டோ சொந்த ஊரையும் அப்பா அம்மாவையும் வைத்தார். லீ வைத்தது, பூமியின் மூலைக்கொருவராகப் பாதிப்பேர் சிதறிப்போன நண்பர்களை. சீனப் பாட்டில் வீடு என்ற சொல்லே கிடையாது. மூன்றிலும் தப்பிப் பிழைத்தது கனவு ஒன்றுதான். அதுவும் லீயிடம் பிரிவுக் கனவு, குளிர்ந்துபோன கனவு. மொழிபெயர்ப்பு என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனால் வீட்டை நீக்கிய அந்தப் பாட்டுதான் சீனாவில் பலருக்குப் பள்ளிக்கூடப் பருவத்தின் பாட்டு. லின் ஹாய்யின் பெய்ஜிங்கில் வளர்ந்து, 1948ல் தைவான் போனவர். அங்கிருந்தபடி தன் பெய்ஜிங் பால்யத்தை எழுதிய புத்தகம் 1960ல் வந்தது. 1983ல் சீனாவில் வூ யிகோங் அதைப் படமாக்கியபோது படம் முழுக்க இந்த மெட்டைப் பின்னியிருக்கிறார். கடைசியில் அப்பா இறந்துவிட்டார், வளர்த்த ஆயாவும் கிளம்புகிறாள். சிறுமி வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறாள். வசனம் அநேகமாக இல்லை, மெட்டு மட்டும் ஓடுகிறது.