ரோந்துக் கப்பல் நெருங்கும்போது

2022 அக்டோபர் 21 அதிகாலை, பாக் நீரிணையில் காரைக்கால் விசைப்படகு ஒன்றின்மீது குண்டுகள் பாய்ந்தன. மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் படுகாயமடைந்தார். சுட்டது இலங்கைக் கடற்படையாக இருக்கும் என்றுதான் கரையில் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சுட்டது ஐ.என்.எஸ். பங்காரம் என்ற இந்தியக் கடற்படைக் கப்பல்.

சந்தேகத்துக்குரிய அந்தப் படகு பலமுறை எச்சரித்தும் நிற்கவில்லை, எனவே எச்சரிக்கைக்காகச் சுட்டோம் என்றது கடற்படை. முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடலோரக் காவல் போலீசார் கொலை முயற்சி வழக்குப் பதிந்தனர். கடற்படையும் விசாரணைக்கு உத்தரவிட்டது.

கடலூர் மாவட்டத்தின் குடிகாடு, தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை மக்கள் இதை வேறு ஊர்க் கதையாக ஒதுக்க முடியாது. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து தெற்கே போகும் படகும் அதே கடலில்தான் வலை விரிக்கிறது.

படகுகளைப் படையினர் சந்தேகிக்கக் காரணம் உண்டு. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதன் பிறகு ரோந்து கூடியது. படகுப் பதிவும் மீனவர் அடையாள அட்டையும் கறாராயின. நாட்டுக் காவலுக்கு அது தேவைதான். ஆனால் இருட்டில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, தமிழ் தெரியாத சிப்பாய் கத்துவது படகில் இருப்பவருக்கு என்ன புரியும்? ஆபத்து பிறப்பது அந்தச் சில நிமிடங்களில்தான். எனவே ரோந்துக் கப்பல் ஒவ்வொன்றிலும் தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

படையினரும் மீனவர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2017 ஒக்கி புயல் காட்டியது. தேடுதல் தாமதம் என்று கரையில் கோபம் வெடித்த பிறகு, கடற்படைக் கப்பல்களில் மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு தேடினார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், படகு எங்கே ஒதுங்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அந்த ஏற்பாடு புயலோடு முடிந்துவிடக் கூடாது. கடலோரக் காவல் படை மீனவ ஊர்களில் கூட்டங்கள் நடத்துகிறது. அவற்றில் அறிவுரை கேட்டுத் திரும்பாமல், எந்த விளக்குச் சைகைக்கு என்ன பொருள், எவ்வளவு தூரத்தில் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து கேட்டுத் தெளிய வேண்டும்.

படகில் பதிவுச் சான்று, அடையாள அட்டை, வேலை செய்யும் வி.எச்.எஃப். ரேடியோ கருவி மூன்றும் இருக்கட்டும். ஆபத்து அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. நிற்கச் சொன்னால் நிறுத்திவிட்டு, கைகள் தெரியும்படி நிற்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

அதையும் மீறித் தாக்கப்பட்டால்? முதலில் மருத்துவமனை, காயங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் உள்ள இடமும் நேரமும் அழியாமல் இருக்கட்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை தங்களுடையதல்ல என்று திருப்பியனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

படையினர்மீது வழக்கே போட முடியாது என்று கரையில் பரவலாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. கடமையின்போது செய்த செயலுக்காக நீதிமன்றம் வழக்கை ஏற்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். புகாரைப் பதியவும் புலனாய்வு செய்யவும் அந்தத் தடை கிடையாது.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே, கட்டணமின்றி எழுதலாம். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். படைகள் தொடர்பான புகாரில் ஆணையம் தானே விசாரிப்பதில்லை. 1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்ய மட்டுமே இடம் தருகிறது. பெரிய குறை அது. சட்டம் திருந்த வேண்டிய இடமும் அதுவே. இலவச வழக்கறிஞர் உதவிக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.