முகப்படத்துக்கேற்ற வில்லை

விழா மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவர் எவரும் முதலில் தேடுவது தம் வகுப்புப் படத்தையே. நாற்பது முகங்களுக்கிடையே தம் முகத்தைக் கண்டு மகிழும் நாம், நம்மைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் படத்தைத் தேடும்போது பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறோம். பெல்மதுளைப் பகுதித் தோட்டங்களிற் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் முதுமையெய்திய பலருக்கு எஞ்சிய தனிப்படம், கடவுச்சீட்டுக்கோ அடையாள அட்டைக்கோ எடுத்த ஒன்றுதான். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் கடல் கடந்தோர்க்கும் இங்கே தங்கியோர்க்கும் நிலைமை பெரிதும் வேறன்று. அவர் மறைந்தபின் மாலையுடன் சுவரில் தொங்குவதும் அதனைப் பெருப்பித்த படியே. ஆதலின் முகப்படம் எடுப்பதில் தெளிவு பெறுதல் நமக்கு ஒரு கடமையெனலாம். அதில் முதல் வினா, எந்த வில்லையைத் தெரிவது என்பது.

நீண்ட குவியத்தூரமுள்ள வில்லை முகத்தை அழகாக்கும் என்பர் பலர். உண்மையில் முகத்தின் அமைப்பை மாற்றுவது வில்லையன்று; கருவிக்கும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரமே. மூக்கின் நுனியிலிருந்து காது ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் பின்னே உள்ளது எனக் கொள்வோம். கருவி மூக்கிலிருந்து 40 சென்ரிமீற்றரில் இருப்பின் காது 52 சென்ரிமீற்றரில் இருக்கும். எனவே காதின் அளவோடு ஒப்பிட மூக்கு 30 வீதம் பெருத்துத் தோன்றும். அதே கருவியை 2 மீற்றர் அப்பால் வைத்தால் அவ்வேறுபாடு வெறும் 6 வீதமாகும். கிட்ட நின்று எடுத்த படத்தில் மூக்குப் புடைத்தும் காதுகள் ஒடுங்கியும் காணப்படுவதன் காரணம் இதுவே.

அங்ஙனமாயின் வில்லையின் தொழில் யாது? தக்க தூரத்தில் நின்றபடியே முகத்தைப் படச்சட்டத்தில் நிரப்பித் தருவதே அதன் தொழில். 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சட்டத்தை நிமிர்த்திப் பிடித்துத் தலையும் தோளுமாக 60 சென்ரிமீற்றர் உயரத்தை அதில் அடக்க, 28 மில்லிமீற்றர் வில்லையுடன் அரை மீற்றர் அளவுக்கு நெருங்க வேண்டும். 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 90 சென்ரிமீற்றரும், 85க்கு ஒன்றரை மீற்றரும், 135க்கு 2.4 மீற்றரும் வேண்டும். ஒன்றரை மீற்றர் என்பது இருவர் அமர்ந்து உரையாடும் தூரம். ஒருவர் முகத்தை நாம் அறிந்து பழகியிருப்பதும் அத்தூரத்திலேயாம். 85 மில்லிமீற்றர் வில்லை முகப்படத்துக்குரியதெனப் பெயர் பெற்றதன் இரகசியம் ஈண்டே உள்ளது. சட்டம் சிறிதான கருவிகளில், அதாவது ஒன்றரை மடங்குக் கணக்குடையவற்றில், 56 மில்லிமீற்றர் வில்லை இதே பயனைத் தரும்.

இனி இடத்தை நோக்குவோம். பழைய லயன் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. பத்தடி என்பது 3 மீற்றரே. அதனுள் 135 மில்லிமீற்றர் வில்லையைக் கொண்டு சென்றால் எடுப்பவர் சுவரோடு சாய்ந்து நிற்க நேரும். அங்கே 85 பொருந்தும். 50 மட்டுமே கையிலிருப்பின் அதற்காக நெருங்க வேண்டா. ஒன்றரை மீற்றரிலேயே நின்று, இடை வரையும் எடுத்துக்கொள்க. உழைத்துக் காய்த்த கைகளும் படத்தில் அமைவது நன்றே. காம்பராவினுள் இருள் மிகுமாதலின், இஸ்தோப்பில் வானத்தின் மென்மையான ஒளி முகத்திற் பக்கவாட்டில் விழுமாறு இருத்துதல் சிறப்பு.

துவாரத்தைப் பற்றியும் ஒரு சொல். எப் 1.8 என்னும் அகன்ற துவாரம் இருளில் உதவும். பின்னணியையும் மங்கச் செய்யும். ஆயின் 85 மில்லிமீற்றர் வில்லையில், ஒன்றரை மீற்றர் தூரத்தில், தெளிவாக அமையும் ஆழம் 3 சென்ரிமீற்றர் அளவே. கண் தெளிந்தால் காது மங்கும். எப் 4க்குக் குறுக்கினால் அது 7 சென்ரிமீற்றராகும். கண்ணிலே குவியத்தை வைத்து எப் 4 அளவில் எடுப்பது புதியவர்க்குப் பாதுகாப்பான வழி. ஆதலின் மிக அகன்ற துவாரத்துக்கெனப் பெரும்பணம் செலவிடுதல் அவசியமன்று.

கைத்தொலைபேசி மட்டும் உடையோரும் மனந்தளர வேண்டா. அதன் முதன்மை வில்லை பொதுவாக 24 முதல் 28 மில்லிமீற்றருக்கு ஒப்பானது. முகம் நிரம்பும்வரை அதனை நெருக்காது, ஒன்றரை மீற்றர் பின்வாங்கி, இரு மடங்கு பெருக்கத்தை இட்டு எடுத்துப் பின்னர் வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்க. தூரம் ஒன்றாயின் முகத்தின் தோற்றமும் ஒன்றே.

பழைய வில்லை வாங்குவோர் நம் மாவட்டத்தின் மழையை மறத்தலாகாது. ஈரத்தினால் வில்லையினுள்ளே நூல்போற் பூஞ்சணம் படரும். வாங்குமுன் ஒரு முனையில் மின்சூள் பாய்ச்சி மறுமுனையால் நோக்குக. வாங்கியபின் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்காக் குறுணையுடன் வைக்குக. தோலுறையில் நெடுங்காலம் பூட்டி வைத்தல் தீது.

முகப்படத்துக்கெனக் கணித்து அமைத்த முதல் வில்லை 1840இல் வியன்னாவில் பெற்சுவால் என்னும் அறிஞர் வகுத்தது. அவ்வழிவந்த வில்லையுடன் 1864இல் படமெடுக்கத் தொடங்கிய யூலியா மாகிரற் கமரன் அம்மையார், பின்னர் 30 அங்குலக் குவியத்தூரமுள்ள டால்மேயர் வில்லையை 15க்கு 12 அங்குலத் தட்டுடன் கையாண்டார். 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் நம் மக்கள் சிலரையும் படமெடுத்தார். 1879இல் மறைந்த அவர் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாயுள்ளார். அவர் இங்கிலாந்தில் எடுத்த படங்களிலுள்ள கவிஞர், விஞ்ஞானியரின் பெயர்களை உலகம் அறியும். இலங்கையில் அவர்முன் இருந்த தொழிலாளர் பெரும்பாலோரின் முகம் உண்டு, பெயர் இல்லை.

அக்குறை நம்மால் நேராதிருக்கட்டும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், தம் லயத்து முதியோரை ஒன்றரை மீற்றர் தூரத்தில் இருத்திப் படமெடுத்து, அதன் பின்புறத்தே பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி, ஒரு படியை அவர் கையிலேயே கொடுப்பாராக.