பெயரை மாற்றிக்கொண்டவர்களும் பெயர் பறிக்கப்பட்டவர்களும்: ட்ரியெஸ்டே நகரின் கதை தெரியுமா?

ஜேம்ஸ் ஜாய்ஸ் என்றாலே டப்ளின்தான் நினைவுக்கு வரும். ஆனா ‘டப்ளினர்ஸ்’ கதைகளில் பெரும்பாலானவற்றை அவர் எழுதியது ட்ரியெஸ்டேவில். ‘யுலிசஸ்’ நாவலைத் தொடங்கியதும் அங்கேதான். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டியிருக்கும் துறைமுக நகரம் இது.

அப்படி என்ன இருக்கு அந்த ஊரில்?

யார் வேண்டுமானாலும் வரலாம்

1719-ல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ், ட்ரியெஸ்டேவைச் சுங்க வரியில்லாத துறைமுகமாக அறிவித்தார். அவ்வளவுதான், வியாபாரம் சூடுபிடித்தது. இத்தாலியர், ஸ்லோவேனியர், ஜெர்மானியர், கிரேக்கர், செர்பியர், யூதர் எனப் பலரும் குடியேறினார்கள்.

ஜாய்ஸ் இங்கே ஆங்கில வாத்தியார். இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். அயர்லாந்துக்காரர் வைத்த பெயர்களோ ஜியோர்ஜியோ, லூசியா!

அவரிடம் ஆங்கிலம் படித்தவர்களில் ஒருவர் எத்தோரே ஷ்மிட்ஸ். கப்பலுக்கு அடிக்கும் பெயின்ட் தயாரிக்கும் மாமனாரின் கம்பெனியில் வேலை. யாரும் கண்டுகொள்ளாத இரண்டு நாவல்களை அதற்கு முன்பே எழுதியிருந்தார். படித்துப் பார்த்த ஜாய்ஸ், மனம்விட்டுப் பாராட்டினார். ஷ்மிட்ஸ் 1923-ல் வெளியிட்ட ‘ஜெனோவின் மனசாட்சி’ இன்று இத்தாலிய இலக்கியத்தின் கிளாசிக்.

அவரது புனைபெயர் இத்தாலோ ஸ்வேவோ. ‘இத்தாலோ’ இத்தாலியைக் குறிக்கும், ‘ஸ்வேவோ’ தென் ஜெர்மனியின் ஸ்வாபியாவைக் குறிக்கும். இரண்டு கலாசாரமும் என்னுடையது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்.

கவிஞர் உம்பெர்த்தோ சாபாவும் அப்படித்தான். அப்பா வழி வந்த ‘போலி’ என்ற குடும்பப் பெயரை விட்டு, ‘சாபா’ என்று வைத்துக்கொண்டார். 1919 முதல் இங்கே பழைய புத்தகக் கடையும் நடத்தினார்.

எங்கே மாறியது?

முதல் உலகப் போருக்குப் பின் நகரம் இத்தாலியின் கைக்குப் போனது. 1920 ஜூலை 13 அன்று, ஸ்லோவேனியர்களின் கலாசார மையமான ‘நரோத்னி தோம்’ கட்டடத்தை ஃபாசிஸ்டுகள் கொளுத்தினார்கள். எரிவதை நேரில் பார்த்தவர்களில் ஒரு சிறுவன், போரிஸ் பாஹோர். ஏழு வயது இன்னும் நிரம்பவில்லை.

அடுத்து ஸ்லோவேனிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்லோவேனியர்களின் குடும்பப் பெயர்கள் இத்தாலியப் பெயர்களாக மாற்றப்பட்டன. 1938-ல் முசோலினி யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசியதும் இதே ஊர் சதுக்கத்தில்தான். தாய் வழியில் யூதரான சாபா, போரின்போது ஃப்ளோரன்ஸில் ஒளிந்து வாழ வேண்டியிருந்தது.

பாஹோர் நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர் பிழைத்து வந்தார். தடை செய்யப்பட்ட அதே ஸ்லோவேனிய மொழியில் எழுதினார். முகாம் நினைவுகளைச் சொல்லும் ‘நெக்ரோபோலிஸ்’ 1967-ல் வந்தது. ஆனால், சொந்த ஊரின் இத்தாலிய வாசகர்களிடம் அது பரவலாகச் சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

100 ஆண்டுக்குப் பிறகு

2020 ஜூலை 13. எரிக்கப்பட்ட கட்டடத்தை ஸ்லோவேனிய சமூகத்திடமே திருப்பித் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று இரு நாட்டு அதிபர்களும் பாஹோரைக் கௌரவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 106. 2022-ல், 108 வயதில் காலமானார்.

இன்று ட்ரியெஸ்டே போனால் ஜாய்ஸ், ஸ்வேவோ, சாபா சிலைகளோடு செல்ஃபி எடுக்கலாம். ‘பல கலாசார நகரம்’ என்ற பெருமைக்கு அவர்கள்தான் முகம். ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. ஸ்வேவோவும் சாபாவும் விரும்பிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பாஹோர் தலைமுறை ஸ்லோவேனியர்கள் பலரை யாரும் கேட்கவே இல்லை.

ஒரு ஊரில் எத்தனை மொழி பேசுகிறார்கள் என்பது மட்டும் கணக்கில்லை. அங்கே ஒருத்தர் தன் சொந்தப் பெயரோடு வாழ முடியுதா என்பதுதான் கேள்வி.